ஆகஸ்டில் ஷ்லுஷ்லுவே: அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு சிறிய கார். எப்படிப் போகலாம்?

தாமிரபரணிக்காரன் | 14 ஜூலை 2024

அனைவருக்கும் வணக்கம். டர்பனுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது, உம்ஷ்லாங்காவில் குடியிருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து அம்மா முதல்முறையாக வந்திருக்கிறார்கள். வயது 68, முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6.

ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்காவின் மகளிர் தினம், இந்த வருடம் வெள்ளிக்கிழமை வருகிறது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. ஷ்லுஷ்லுவே-இம்ஃபோலோசி காட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். அம்மா வந்த நாளிலிருந்து ஒன்றுதான் கேட்கிறார்கள், காண்டாமிருகத்தை ஒருதரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று.

எங்களிடம் இருப்பது சிறிய கார். ஜீப் இல்லாமல் உள்ளே போக முடியுமா? வண்டியைவிட்டு இறங்காமலே நாள் முழுக்கச் சுற்றினால் பிள்ளைகள் தாங்குவார்களா? ஆகஸ்ட் சரியான காலமா, இல்லை மழை பெய்து பச்சை வந்தபின் போவது நல்லதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜோபர்க்வாசி | 14 ஜூலை 2024

சகோ, மூன்று நாள் கிடைக்கிறது என்றால் குரூகருக்கு வாருங்கள். கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர் காடு. ஷ்லுஷ்லுவே அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. சிங்கம், சிறுத்தை பார்க்கும் வாய்ப்பு குரூகரில்தான் அதிகம். நாங்கள் வருடம் இரண்டு முறை போகிறோம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பிலானஸ்பர்க் இருக்கிறது. பழைய எரிமலையின் வட்டத்துக்குள்ளேயே இருக்கும் காடு, ஜோபர்க்கிலிருந்து (ஜோகன்னஸ்பர்க்) இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம்.

டொங்காட்_ஆசிரியை | 14 ஜூலை 2024

தம்பி, உம்ஷ்லாங்காவிலிருந்து 68 வயது அம்மாவையும் 6 வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு குரூகர் வரை ஓட்டாதீர்கள். ஒருநாள் முழுக்கச் சாலையிலேயே போய்விடும், திரும்ப இன்னொரு நாள். ஷ்லுஷ்லுவேக்கு டர்பனிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர்தான். விடியலில் கிளம்பினால் காலைப் பசி முற்றும் முன் வாசலில் நிற்கலாம்.

எனக்கு அந்தக் காடு சின்ன வயதிலிருந்தே பழக்கம். 1970-களில் அப்பாவின் பாக்கியில், பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி அது, பின்னால் மெத்தை போட்டு, ஆயா, சித்தப்பா, நாங்கள் ஆறு பிள்ளைகள் போவோம். இனவாத ஆட்சிக் காலம். ராத்தங்க எங்களுக்கு இடம் கிடைக்காது. அதனால் நடுராத்திரி கிளம்பி, பகலெல்லாம் சுற்றிவிட்டு, அன்றிரவே டொங்காட் திரும்பிவிடுவோம். ஆயா ரொட்டிக்குள் உருளைக்கிழங்குக் கறியை வைத்துச் சுருட்டி, துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வருவார். இன்று நான் பேரப்பிள்ளைகளோடு போய் உள்ளேயே தங்குகிறேன். ஒவ்வொரு தடவையும் அறையின் சாவியை வாங்கும்போது அப்பாவை நினைத்துக்கொள்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிறிய கார் போதும். முக்கியச் சாலை தார்ச்சாலை, கிளைச் சாலைகள் சரளை. மழையில்லாத ஆகஸ்டில் சரளையும் கெட்டியாகவே இருக்கும். வேகம் 40-க்கு மேல் போகக் கூடாது, அது சட்டம். வழியில் டொங்காட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், கரும்பு வெட்டும் காலம். சோகையை எரித்த கரித்துகள் எங்கள் வீட்டுத் திண்ணை வரை பறந்து வரும். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது. அதில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வெட்டிய கரும்பு இது. எங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தவர்தான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள்.

பனங்காடை | 15 ஜூலை 2024

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து. பறவை பார்ப்பவன் என்பதால் இந்தக் காட்டுக்கு எல்லா மாதமும் போயிருக்கிறேன். குடும்பத்தோடு ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் நான் ஆகஸ்டைத்தான் சொல்வேன்.

இங்கே மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஜனவரியில் போனால் காடு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் ஆள் உயரப் புல்லுக்குப் பின்னால் யானையே நின்றாலும் தெரியாது. குளிர்காலக் கடைசியில் புல் காய்ந்து படுத்துவிடும், மரங்கள் இலையை உதிர்த்திருக்கும், இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி நிற்பதும் தெரியும். சின்னச் சின்னக் குட்டைகள் வற்றிவிடுவதால் விலங்குகள் ஆற்றோரத்துக்கும் மிச்சமிருக்கும் தண்ணீருக்கும் வந்தே தீர வேண்டும். அலைந்து தேட வேண்டாம். தண்ணீர் தெரியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும்.

இன்னொன்று, எரித்த நிலம். வனத்துறையினர் இந்தப் பருவத்தில் பகுதி பகுதியாகக் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பார்கள். கருகிய தரையைப் பார்த்ததும் ஒன்றுமில்லை என்று கடந்துபோகாதீர்கள். சில நாட்களிலேயே கரிக்கு நடுவே விரற்கடை உயரத்துக்குப் பச்சை கிளம்பும். காய்ந்த புல்லையே மென்று சலித்த வரிக்குதிரை, இம்பாலா மான், வெள்ளைக் காண்டாமிருகம் எல்லாம் அந்தத் துளிருக்கு வரும். தீ எரியும்போதே வந்துவிடுவது கரிச்சான். நம் ஊர்க் கரிச்சானின் உறவுக்காரன், அதே கருப்பு, அதே இரட்டை வால். புகையிலிருந்து தப்பி எழும் வெட்டுக்கிளியை அந்தரத்திலேயே கவ்வும்.

காலை குளிரில் விலங்குகள் வெயில் படும் சரிவில் நிற்கும். உடம்பு சூடேறியபின் பத்து மணிவாக்கில் தண்ணீருக்கு இறங்கும். அதனால் விடியலில் வெயில் பட்ட மேட்டைப் பாருங்கள், பத்திலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீரைப் பாருங்கள். இதை மட்டும் செய்தாலே வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள்.

அம்மாவிடம் இலையில்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரங்களைக் காட்டுங்கள். பார்த்ததும் அவர்களே பெயர் சொல்வார்கள்.

ரிச்சர்ட்ஸ்பே_துறைமுகம் | 15 ஜூலை 2024

சாலையைப் பற்றி நான் சொல்கிறேன், தினமும் அந்த வழியில் போகிறவன். என்2 நல்ல சாலை, சுங்கம் கட்ட வேண்டும். ஆனால் துகேலா ஆறு தாண்டியபின் நிலக்கரி லாரியும், க்வாம்போனாம்பி பக்கம் தைல மரம் ஏற்றிய லாரியும் வரிசையாக வரும். முந்தும்போது அவசரம் வேண்டாம். ம்டுபாடுபாவில் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து ஆர்618-இல் இடது பக்கம் திரும்பினால் ந்யாலாசி வாசல். அந்தத் துண்டுச் சாலையில் மாடுகள் குறுக்கே வரும், பள்ளிப் பிள்ளைகள் ஓரமாக நடந்து போவார்கள். அங்கேதான் மெதுவாகப் போக வேண்டும்.

ஸ்டெப்னியைக் கிளம்பும் முன் தொட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் முன்னால் மாமனார் மாமியாரோடு ஒரு வாடகைக் காரில் போனேன். சரளையில் டயர் போய்விட்டது. ஸ்டெப்னியில் காற்றே இல்லை, கொடுத்தவர்கள் பார்க்கவே இல்லை. கண்ணெதிரே புதர், எந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பின்னால் வந்த வனக்காவலர் தன் வண்டியை எங்களுக்கு அணைவாக நிறுத்தி, துப்பாக்கியோடு இறங்கி நின்று, பம்ப் கொடுத்து உதவினார். அந்த மனிதர் வராமல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

அப்புறம் யானை. ஒற்றை ஆண் யானை சாலையில் வந்தால் கன்னத்தைப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரமாக வழிந்திருந்தால் மதநீர். நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹாரன் அடிக்காதீர்கள், எஞ்சினை நிறுத்தாதீர்கள், மெல்ல ரிவர்ஸில் பின்வாங்குங்கள். அதற்கு இடம் இருக்கும்படி முன்கூட்டியே தூரத்தில் நிறுத்துவதுதான் புத்தி. யானை தன் வழியில் போய்விடும்.

இரு_பிள்ளைகளின்_அம்மா | 15 ஜூலை 2024

ஃபீனிக்ஸிலிருந்து. பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே, அதனால் எழுதுகிறேன். வாசலில் கழிப்பறைக்குப் போகச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் போகச் சொல்லுங்கள். இறங்க அனுமதி உள்ள இடங்கள் குறைவு: பிக்னிக் இடம், பறவை பார்க்கும் மறைவிடம், முகாம், அவ்வளவுதான். பிக்னிக் இடத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள், குரங்கு வந்துவிடும். என் சின்னவளின் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. பிள்ளை இரண்டு நாள் பயந்துபோய் இருந்தாள்.

பெரியவனுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பார்த்ததை எழுதட்டும், மணியும் எழுதட்டும். நாங்கள் விலங்குகளின் ஜூலுப் பெயரையும் எழுதச் சொன்னோம். பள்ளியில் படிக்கிற மொழிதானே. ஒட்டகச்சிவிங்கிக்கு இந்த்லுலாமிதி, மரங்களைத் தாண்டியது என்று பொருள். அந்த ஒரு சொல்லுக்காகவே என் மகனுக்கு ஒட்டகச்சிவிங்கி பிடித்துப்போனது.

காலையில் நல்ல குளிர், ஸ்வெட்டரும் காதுக்குத் துணியும் வேண்டும். பதினொரு மணிக்கு அதையெல்லாம் கழற்ற வேண்டியிருக்கும்.

தாமிரபரணிக்காரன் | 16 ஜூலை 2024

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஷ்லுஷ்லுவே என்று முடிவாகிவிட்டது. இரண்டு இரவும் பக்கத்தில் கழிமுகத்தோரம் இருக்கும் செயின்ட் லூசியா ஊரில் தங்குகிறோம். ஒருநாள் இம்ஃபோலோசிப் பக்கம், ஒருநாள் ஷ்லுஷ்லுவேப் பக்கம், ஞாயிறு காலை படகு, மாலை வீடு.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. இந்த வருடம் அங்குள்ள காண்டாமிருகங்களுக்குக் கொம்பை வெட்டிவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேன். மகள் படப்புத்தகத்தில் கொம்புள்ள காண்டாமிருகத்தைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பனங்காடை | 16 ஜூலை 2024

உண்மையைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்குப் புரியும்.

2023-இல் தென்னாப்பிரிக்கா முழுவதும் 499 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன. அதில் 325 நம் க்வாசூலு-நேட்டால் மாகாணத்தில், அதிலும் பெரும்பகுதி இந்த ஒரே காட்டில். அதற்குப்பின்தான் இந்த வருடம் வெட்டத் தொடங்கினார்கள். கொம்பு எலும்பு அல்ல, நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள். மயக்க மருந்து கொடுத்து, கண்ணைக் கட்டி, வளரும் அடிப்பகுதியைத் தொடாமல் மேலே அறுப்பார்கள். வலிக்காது, திரும்ப வளரும், ஒன்றரை இரண்டு வருடத்தில் மறுபடி அறுக்க வேண்டும். பார்க்க மனம் கஷ்டப்படும், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கொம்போடு செத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களைக் கேட்டால் மொட்டை மூக்கோடு மேய்வதே போதும் என்பார்கள்.

இந்தக் காட்டின் கதையையும் சொல்லுங்கள். ஜூலு அரசர்களின் வேட்டைக்காடாக இருந்த இடம், 1895-இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்திலேயே நூறுகூட மிச்சமில்லை, இருந்தவையும் இந்த இரண்டு இம்ஃபோலோசி ஆறுகளுக்கு நடுவேதான். 1960-களில் இயன் பிளேயரும் அவருடைய தோழர்களும் இங்கிருந்து பிடித்து மற்றக் காடுகளுக்கும் உலகத்து விலங்குக் காட்சிசாலைகளுக்கும் அனுப்பினார்கள். அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர் மகுபு ந்தோம்பேலா என்ற ஜூலு வனக்காவலர். குரூகரில் இன்று மேயும் வெள்ளைக் காண்டாமிருகமும் இங்கிருந்து போனவற்றின் வாரிசுதான், ஜோபர்க் நண்பருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜோபர்க்வாசி | 16 ஜூலை 2024

அது எனக்குத் தெரியாது. நன்றி. ஆனாலும் சகோ, சிங்கம் பார்க்காமல் திரும்பினால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். எதிரே வரும் வண்டிகளை நிறுத்தி எங்கே சிங்கம் என்று கேட்டுக்கொண்டே போங்கள். நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

டொங்காட்_ஆசிரியை | 17 ஜூலை 2024

அதைத்தான் செய்யக் கூடாது என்பேன். சிங்கம் என்று யாரோ சொன்ன இடத்துக்கு ஓடினால் அங்கே பதினைந்து கார் நிற்கும், புதருக்குள் ஒரு வால் தெரியும். அந்த ஓட்டத்தில் வழியில் இருந்த எல்லாவற்றையும் விட்டிருப்போம். என் மகன் ஒருதரம் அப்படி விரட்டினான். அன்று சாயங்காலம் பேத்தி என்னிடம் சொன்னாள், "ஆயா, இன்னைக்கு நாம காரைத்தான் பார்த்தோம்." தம்பி, 20-இல் போங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் காதையும் திறந்து வையுங்கள்.

தாமிரபரணிக்காரன் | 13 ஆகஸ்ட் 2024

போய் வந்துவிட்டோம். நிதானமாக எழுத வேண்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

அன்று ஆடி வெள்ளி. அம்மா மூன்றரை மணிக்கே குளித்து, விளக்கேற்றி, மாரியம்மனுக்கு எலுமிச்சை வைத்துக் கும்பிட்டுவிட்டு, புளிச்சோறு கட்டித் தயாராக இருந்தார்கள். நாலரைக்குக் கிளம்பினோம். டொங்காட் பக்கம் இருட்டில் தூரத்தில் ஒரு வயல் எரிந்துகொண்டிருந்தது. கார் கண்ணாடியை ஏற்றியிருந்தும் வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை. கப்பலைப் பற்றி மகனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டார்கள், வந்தவர்கள் யாராவது திரும்பி ஊர் போனார்களா என்று. சிலர் போனார்கள், பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்றேன். துகேலா பாலம் வரும்வரை அம்மா பேசவே இல்லை.

ந்யாலாசி வாசலில் எட்டரை. எங்களுக்கு உள்ளூர்க் கட்டணம், அம்மாவின் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வெளிநாட்டவர் கட்டணம். வீட்டுக்கு யாரும் வந்திருந்தால் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தச் சிவப்பு மரம். ஒரு இலை இல்லை, கிளை நுனியெல்லாம் பூ. "ஏய், கல்யாண முருங்கைல்லா இது!" என்று அம்மா கத்தியதில் மகள் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டாள். பிறகு அரைமணி நேரம் அதே பேச்சு. சளிக்கு அந்த இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டுவது, மிளகுக்கொடி ஏற்றுவது, கல்யாணப் பந்தலில் நடுவது. பனங்காடை சார், நீங்கள் சொன்னது போலவே அம்மாவே பெயர் சொன்னார்கள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சொந்துலி சுற்றுச் சாலையில் 20-இல் போனோம். ஒரு திருப்பத்தில் எரித்த நிலம். கரி, நடுவே பச்சை. அதில் ஒரு தாயும் குட்டியும், சாலையிலிருந்து முப்பது அடி இருக்கும். எஞ்சினை நிறுத்தினேன்.

இனி நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்லலாம். ஒரு மணி நேரம் அது மேய்ந்தது. சதுரமான அகன்ற உதடு, அதைத் தரையோடு ஒட்டி வைத்து இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போகிறது. புல் அறுபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. வறட் வறட் என்று, கயிறு இழுக்கிற மாதிரி. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கின் முன்னால் சாம்பல் ஒரு பிடி எழுந்து அடங்கியது. காதுக்குள் ஒரு சின்னப் பறவை, சிவப்பு அலகு, மஞ்சள் வளையமிட்ட கண். தலையை முழுக்கக் காதுக்குள் விட்டு உண்ணியைப் பிடுங்கியது. தாய் காதை ஒருதரம் ஆட்டியது, அவ்வளவுதான். குட்டி எப்போதும் தாய்க்கு முன்னால்தான் நடந்தது. வெள்ளைக் காண்டாமிருகத்தில் குட்டி முன்னால், கருப்பில் குட்டி பின்னால் என்று மகன் எங்கோ படித்திருந்தான். நோட்டில் பெரிதாக டிக் போட்டான்.

தாயின் மூக்கில் கொம்பு இருந்த இடம் தட்டையாக, வெட்டிய அடிமரம் போல இருந்தது. மகள் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். நான் சொல்லும் முன் அம்மா சொல்லிவிட்டார்கள்: "கெட்டவங்க கொம்புக்காகக் கொன்னுருவாங்கன்னு இவங்களே சீவி விட்டுட்டாங்கம்மா. நம்ம ஊர்ல மாட்டுக்குக் கொம்பு சீவுறோம்லா, அது மாதிரி. வலிக்காது, வளந்துரும்." மகள் கேட்டாள், "குட்டிக்கும் வெட்டுவாங்களா?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அம்மா கைகூப்பிக்கொண்டு, "உசுரு பொழச்சுக் கெடந்தா போதும் தாயீ" என்று காண்டாமிருகத்திடமே சொன்னார்கள்.

எங்களுக்குப் பின்னால் மூன்று கார் வந்து, நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஒருவர் கண்ணாடியை இறக்கி முன்னால் சிங்கம் இருக்கிறது என்றார். மகனைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான், வேண்டாம் என்று. அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு உள்ளூர ஆசை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பின்சீட்டில் மூன்று பேரும் ஒரே ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபின் சாவியைத் திருப்ப மனம் வரவில்லை.

பத்தரைக்கு மேல் ஆற்றைப் பார்க்கும் மேட்டில் நிறுத்திக்கொண்டோம். ஆறு அகலம், பெரும்பாலும் மணல், ஓரமாக ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர். கோடையில் தாமிரபரணி கிடக்கிற மாதிரியே இருந்தது. முதலில் இம்பாலா, பிறகு நியாலா மான், பிறகு எருமைக் கூட்டம், கடைசியில் யானைகள். வரிசையாக யாரோ முறை வைத்து அனுப்பியது போல. ஒரு யானை தண்ணீரை விட்டுவிட்டு மணலைக் காலால் தோண்டி, ஊறிய தண்ணீரைக் குடித்தது. "ஊத்துத் தோண்டுது பாரு" என்றார்கள் அம்மா. ஆற்று மணலில் ஊற்று தோண்டி, செம்பில் மொண்டு குடித்து வளர்ந்தவர்கள். அந்த யானையை அதற்குமேல் யாரோ தெரிந்தவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள்.

சனிக்கிழமை ஷ்லுஷ்லுவேப் பக்கம். மலையும் மடுவுமாக, வேறொரு காடு போல. கற்றாழை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து ஆரஞ்சுப் பூவோடு நின்றது. அன்று மாலைதான் எங்களுக்குச் சோதனை. வளைவில் ஒரு ஒற்றை ஆண் யானை, கன்னத்தில் ஈரம். ரிச்சர்ட்ஸ்பே அண்ணா, உங்கள் எழுத்து அப்படியே நினைவுக்கு வந்தது. தூரத்திலேயே நின்றேன். பின்னால் ஒரு வண்டி ஒட்டி வந்து நின்றுவிட்டது, ரிவர்ஸ் எடுக்க இடமில்லை. கையை வெளியே நீட்டிப் பின்னால் போகச் சொன்னேன், நல்லவேளை அவர் புரிந்துகொண்டார். இரண்டு வண்டியும் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கினோம். யானை நின்று, சாலையோர மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, மெல்ல மென்றுகொண்டே இறங்கிப் போனது. ஆறு மணிக்கு வாசல் மூடிவிடுவார்கள், பத்து நிமிடம் முன்னால்தான் வெளியே வந்தோம். மாலைத் திரும்புதலுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் சொல்கிறேன்.

செயின்ட் லூசியாவில் இரவில் நீர்யானை தெருவுக்கு வரும் என்பதால் இருட்டியபின் அம்மாவை வெளியே விடவில்லை. ஞாயிறு படகில் நீர்யானைக் கூட்டமும், கரையில் வாயைத் திறந்து வெயில் காய்ந்த முதலைகளும். பிள்ளைகளுக்குப் பிடித்தது. கேப் விடாலுக்குப் போய்த் திமிங்கிலம் பார்க்க நேரமில்லை.

மகனின் நோட்டில் 27 பெயர். சிங்கம் இல்லை. பனங்காடை என்று ஒரு பக்கம் முழுக்க வரைந்திருக்கிறான், நெஞ்சு மட்டும் ஊதா.

ஜோபர்க்வாசி | 13 ஆகஸ்ட் 2024

ஊற்றுத் தோண்டிய யானை! நாங்கள் இத்தனை வருடம் போய் ஒருதரம்கூட இதைப் பார்த்ததில்லை. ஆற்றோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததே இல்லையே. அடுத்த தடவை மனைவியிடம் சொல்லி அப்படிச் செய்து பார்க்கிறேன்.

பனங்காடை | 13 ஆகஸ்ட் 2024

மகள் கேட்டதற்குப் பதில்: குட்டி வளர்ந்து கொம்பு வந்தபின் அதற்கும் அறுப்பார்கள். இதையும் மறைக்க வேண்டாம்.

அடுத்தமுறை பாதையோரச் சாணக் குவியலையும் பாருங்கள். வெள்ளையினுடையதில் புல் நார் மட்டும் இருக்கும். கருப்பு குச்சி தின்னும். அதன் சாணத்தில் குச்சித் துண்டுகள் அரிவாளால் சாய்த்து நறுக்கியது போலக் கிடக்கும். கருப்பைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் அது அந்த வழியே போனது தெரிந்துவிடும். மகனுக்குப் பிடிக்கும்.

இரு_பிள்ளைகளின்_அம்மா | 14 ஆகஸ்ட் 2024

அம்மா கைகூப்பியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இந்தப் பதிவை என் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். செப்டம்பர் 24 லீவுக்குப் போவோமா என்று கேட்கிறார். அதற்குள் எல்லாம் பச்சையாகிவிடுமா?

பனங்காடை | 14 ஆகஸ்ட் 2024

முதல் மழை வந்துவிட்டால் விலங்குகள் கொஞ்சம் பரவத் தொடங்கும். ஆனாலும் செப்டம்பர் நல்ல மாதம்தான், தைரியமாகப் போங்கள். வடக்கே ம்குசே என்ற இன்னொரு காட்டில் குமசிங்கா மறைவிடம் இருக்கிறது, தண்ணீருக்கு மேலேயே உட்கார்ந்து பார்க்கலாம். மாமியாருக்கு ஒரு மெத்தைத் தலையணை எடுத்துக்கொள்ளுங்கள், பலகை கடினம்.

டொங்காட்_ஆசிரியை | 14 ஆகஸ்ட் 2024

தம்பி, இரண்டு தடவை படித்தேன். என் வீட்டு வேலியில் அந்தச் சிவப்பு மரம் மூன்று நிற்கிறது. அப்பா ஒரு கிளையை வெட்டி நட்டார், அதுவே வேர் பிடித்துக்கொண்டது. அம்மா ஊருக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். எங்கள் கோயிலில் இன்னும் ஆடிக் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

தாமிரபரணிக்காரன் | 14 ஆகஸ்ட் 2024

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் டீச்சர். அந்த இலையில் அடை தட்டலாமா என்று உடனே கேட்கிறார்கள்.

டொங்காட்_ஆசிரியை | 14 ஆகஸ்ட் 2024

இது அந்தச் சாதியில் வேறொரு மரம் தம்பி, நாங்கள் யாரும் சமைத்ததில்லை. விதை விஷம், பிள்ளைகள் சிவப்பாக இருக்கிறதே என்று பொறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைக்கு முருங்கைக்கீரை பின்பக்கம் நிறைய இருக்கிறது. அரிசியை நான் ஊறப்போட்டு வைக்கிறேன், அம்மாவை வந்து அரைக்கச் சொல்லுங்கள்.